பையோடு வாருங்கள், வீட்டுக்காரம்மாவோடும் வாருங்கள்

சேலத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீஸில் 31 வருஷம் பி.எஃப். கணக்கு பார்த்தவள் நான். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மாப்பேட்டை வீட்டுத் திண்ணையில், 50 தாண்டியவர்களோடு உட்கார்ந்து ரிட்டயர்மென்ட் கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன்.

முதல் வேலை, இதுவரை பார்த்த எல்லா மில்லையும் ஒரு நோட்டில் எழுதுவது. சேர்ந்த தேதி, விட்ட தேதி, பி.எஃப். பணத்தை என்ன செய்தீர்கள் என்பது. போன மாதம் ஒரு ஃபிட்டர் மஞ்சப்பை நிறைய சம்பளச் சீட்டு கொண்டுவந்தார். ஒரு சீட்டின் பின்னால் அவர் மனைவி எழுதிய பால் கணக்கு. தரையில் பரப்பினோம். முதல் மில்லில் 6 வருஷம். மகள் காதுகுத்துக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அடுத்ததில் 7, அது கூரைக்குப் போனது. இப்போது வயது 56, இந்த மில்லில் 8 வருஷம்.

முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 பென்ஷன் கணக்குக்குப் போகிறது. பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். வேலை மாறும்போது பென்ஷன் கணக்குக்கான 10சி படிவத்தில் பணமாகக் கேட்டால் அந்த வருஷங்கள் அழிந்துவிடும்; பார்த்த சர்வீஸைக் காட்டும் ஸ்கீம் சர்டிஃபிகேட் கேட்டால் அடுத்த சர்வீஸோடு சேரும். அவர் பணமாக எடுத்ததால் 13 வருஷம் அழிந்துபோயிற்று. யாரும் சொல்லவில்லை என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது.

மில்லை விட்டுவிட்டு மளிகைக்கடை போடும் யோசனையில் வந்திருந்தார். "அண்ணா, இந்த ரெண்டு வருஷம் மட்டும் விட்றாதீங்க" என்றேன். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள வரம்பு 15,000, பெருக்கல் 10 வருஷம், வகுத்தல் 70. 58 வயதில் மாதம் சுமார் 2,143 ரூபாய். சின்னத் தொகைதான். ஆனால் ஆயுசுக்கும் வரும், அவருக்குப் பின் மனைவிக்குப் பாதி வரும்.

அடுத்து, ரிட்டயரான பிறகு என்ன வேலை என்று பேசுங்கள். கடைக்குச் சரக்கு எடுக்க விடியக்காலை செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு யார் போவார்கள் என்று ஃபிட்டரிடம் கேட்டேன். "பையன் போவான்" என்றார். "அவன் ஓசூர்ல இருக்கான்ல, எப்படிப் போவான்?" என்று கூட வந்திருந்த அவர் மனைவி கேட்டார். மனைவியைக் கூப்பிடச் சொல்வது இதற்குத்தான். ஊர் உங்களை எதற்குக் கூப்பிடுகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். "தெருவுல யார் தறி நின்னாலும் இவரைத்தான் கூப்பிடுறாங்க, காசே வாங்க மாட்டார்" என்றார். தறி ரிப்பேருக்கு என்ன கூலி கேட்கலாம் என்று அங்கேயே பேசி முடித்தோம். அப்படியும் கடைதான் வேண்டும் என்பவர்கள், வார லீவில் மூன்று மாதம் சொந்தக்காரர் கடையில் நின்று பாருங்கள்.

வேலையை விடும்போது மில் தரும் கிராஜுவிட்டியை, அதாவது பணிக்கொடையை, கடைக்குள் போடாதீர்கள். கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆலும் சர்வீஸ் வருஷத்தாலும் பெருக்கினால் அந்தத் தொகை வரும். 60 ஆனதும் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி.

கிளம்பும் முன் ஆதாரையும் பி.எஃப். கணக்கையும் பக்கத்தில் வைத்து இனிஷியல், பிறந்த தேதி, நாமினி மூன்றையும் ஒப்பிடுங்கள். அந்த ஃபிட்டருக்கு நாமினி இன்னும் அவர் அம்மாவாகவே இருந்தது. அந்த அம்மா தவறி 9 வருஷம் ஆகிறது.