லெவல் ஏற ஏற ஆர்வம் இறங்குவது ஏன்? ஆன்லைன் ரோல்பிளே கேம் ஆடுவோருக்கான பழுதுபார்ப்புக் குறிப்பு

ஆன்லைன் ரோல்பிளே கேமில் சலிப்பு ஒரே நாளில் வந்து உட்காராது. முதலில் ரெய்டு (பலர் சேர்ந்து பெரிய எதிரியை அடிக்கும் ஆட்டம்) முடிந்ததும் அரட்டைக்கு நிற்காமல் கிளம்புவார்கள். அப்புறம் லாக்-இன் செய்து, டெய்லி (தினமும் புதிதாக வரும் சின்ன வேலை) இரண்டை முடித்து, கேரக்டரை ஊர் நடுவில் நிறுத்திவிட்டுப் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள். கேட்டால் "போரடிக்குது" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. அதன் அடியில் பல காரணங்கள் இருக்கின்றன, ஒன்றுக்கான வைத்தியம் இன்னொன்றை மோசமாக்கும். கூட்டாளிகள் போய்விட்டதால் சலித்தவர் தனியாக இன்னும் கிரைண்ட் செய்தால் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால்) சலிப்பு கூடும். டெய்லிகளால் சலித்தவரைப் புதுக் கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) சேர்த்துவிட்டால் அவருக்குக் கடமைதான் கூடும்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் வட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்து ஆடும் குழுக்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். தனியாக ஆடுபவருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் ஒரு வாரக் கணக்கு

ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: என்ன செய்தேன், எந்த நேரத்தில் எத்தனை நிமிடம், கூட யார் இருந்தார்கள், பரிசு எதுவும் கிடைக்காவிட்டாலும் இதைச் செய்திருப்பேனா. ஏழு நாள் எழுதினால் போதும். ஞாபகத்தில் இருந்து எழுதக் கூடாது, லாக்-அவுட் செய்த உடனே எழுத வேண்டும்.

நான்காவது கட்டம்தான் முக்கியம். அதில் "இல்லை" பாதிக்கு மேல் வந்தால் பிரச்சினை டெய்லிகளில். மூன்றாவது கட்டம் காலியாகவே இருந்தால் பிரச்சினை கில்டில். ஒரே பாஸ் (பெரிய எதிரி), ஒரே பொருள் என்று வரிசையாக வந்தால் அது டிராப் கணக்கு, அதாவது எதிரியைக் கொன்றால் பொருள் விழும் வாய்ப்பின் கணக்கு. எல்லா வரியும் நள்ளிரவுக்குப் பின் என்றால் கேமின் மேல் பழியே போட வேண்டாம், தூக்கம் கெட்டிருக்கிறது.

லெவலும் டிராப்பும்: ஆடும் முன் போட வேண்டிய கணக்கு

ஆரம்பத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு லெவல் ஏறும். போகப் போக ஒரு லெவலுக்கு ஒரு வாரம் ஆகும். இந்த வளைவை வேண்டுமென்றேதான் அப்படி அமைக்கிறார்கள். ஆடுபவர் அதைக் கவனிக்காமல் "நான் ஸ்லோ ஆயிட்டேன்" என்று நினைத்துக்கொள்கிறார்.

ரூன்ஸ்கேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு திறனில் 99ஐத் தொட 1,30,34,431 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 92வது லெவலுக்கு 65,17,253. திரையில் 92 என்று பார்க்கும்போது கிட்டத்தட்ட முடிந்துவிட்டது என்று மனசு சொல்லும். உண்மையில் அப்போதுதான் பாதி வழி. மணிக்கு 50,000 புள்ளி சேர்ப்பவருக்கு மீதிப் பாதிக்கு 130 மணி நேரம் ஆகும், தினம் ஒரு மணி ஆடினால் நான்கு மாதத்துக்கு மேல். அந்த நான்கு மாதத்தின் நடுவில் எங்கோதான் ஆட்கள் காணாமல் போகிறார்கள்.

அதனால் "லெவல் எத்தனை பாக்கி" என்று கேட்காதீர்கள். மீதிப் புள்ளியை உங்கள் ஒரு மணி நேரப் புள்ளியால் வகுத்து, எத்தனை மணி நேரம் பாக்கி என்று பாருங்கள். விடை 40க்கு மேல் போனால் இலக்கை உடையுங்கள்: அடுத்த குவெஸ்ட் திறக்கத் தேவையான லெவல் வரைக்கும் மட்டும். அதுவும் முடியாத தூரம் என்றால் அந்தத் திறனை விட்டு வேறொன்றைத் தொடுங்கள்.

டிராப் இதைவிட மோசமாக ஆளைக் கெடுக்கும். ஒரு பாஸிடம் வாள் விழும் வாய்ப்பு 1 சதவீதம் என்றால், 100 முறை கொன்றால் கிடைத்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. 100 முறை முடிந்தும் வெறுங்கையோடு நிற்பவர்கள் 37 சதவீதம். 200 முறைக்குப் பிறகும் 13 சதவீதம். 300ஐத் தாண்டியும் ஏறத்தாழ 5 சதவீதம் பேருக்கு வாள் கிடைத்திருக்காது. பத்துப் பேர் கில்டில் மூன்று நான்கு பேர் நூறு முறை அடித்தும் சும்மா நிற்பது இயல்பு, யாரும் சாபம் விடவில்லை.

செய்ய வேண்டியது இது. அந்த கேமின் விக்கியில் (ஆடுபவர்கள் எழுதும் தகவல் தளத்தில்) டிராப் வாய்ப்பைப் பாருங்கள். 100ல் ஒன்று என்றால் 300 முறை ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் மூன்று மடங்கு. ஒரு முறைக்கு எத்தனை நிமிடம் என்று பெருக்குங்கள். 6 நிமிடம் என்றால் 30 மணி நேரம். ஒப்புக்கொள்ள முடிந்தால் இறங்குங்கள், இல்லையென்றால் ஏலச் சந்தையில் தங்கம் கொடுத்து வாங்குங்கள். வாரம் ஒருமுறை மட்டும் திறக்கும் பாஸ் என்றால் 300 வாரம், அதாவது ஆறு வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அதை இலக்காக எழுதவே கூடாது, வந்தால் லாபம் என்று விட்டுவிட வேண்டும்.

பொருள் கிடைத்த மறுநாள் ஒரு வெறுமை வரும். நிறையப் பேர் விலகுவது அந்த வாரத்தில்தான். அடுத்த இலக்கை, கிடைப்பதற்கு முன்னாலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, எக்ஸ்பேன்ஷன், அதாவது கேமுக்கு வரும் பெரிய விரிவாக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004ல் 60வது லெவலோடு தொடங்கியது, 2007ல் 70 ஆனது, 2008ல் 80 ஆனது. மாதக்கணக்கில் ரெய்டு செய்து சேர்த்த கவசத்தைப் புது எக்ஸ்பேன்ஷனில் வழியில் கிடைக்கும் சாதாரணப் பொருட்கள் பின்னுக்குத் தள்ளின. இது உங்களுக்கு எரிச்சலூட்டும் என்றால் கேமை மாற்றுவதுதான் வழி: கில்ட் வார்ஸ் 2 2012ல் 80வது லெவலோடு வந்தது, அந்த உச்சம் இன்றுவரை 80தான். அங்கே பழைய கவசம் பழசாவதில்லை. பதிலுக்கு, "ஏறிக்கொண்டே இருக்கிறேன்" என்ற உணர்வும் குறைவு. இரண்டையும் ஒரே கேமில் எதிர்பார்க்க முடியாது.

டெய்லி என்னும் ஹோம்வொர்க்

கென்ஷின் இம்பாக்டில் பரிசுகளைப் பெறச் செலவாகும் ரெசின் 8 நிமிடத்துக்கு ஒன்று ஊறும். உச்சம் 160 ஆக இருந்தபோது அது நிரம்ப 21 மணி 20 நிமிடம். ஒரு நாளுக்குள்ளேயே நிரம்பி வழிந்துவிடும், அதாவது தினமும் வராதவர் இழக்கிறார். 2024ல் உச்சத்தை 200 ஆக்கினார்கள், 26 மணி 40 நிமிடம். அந்த ஐந்து மணி நேர இடைவெளியில் ஆடுபவருக்கு எவ்வளவு மூச்சு கிடைத்தது என்பதைப் பார்த்தாலே, சலிப்பின் பெரும் பங்கு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

விருப்பமாகச் செய்ததற்குப் பரிசு கட்டினால் விருப்பம் போய்ப் பரிசு மட்டும் மிஞ்சும் என்று உளவியலில் 1970களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். எனவே டெய்லிகளை வெட்டுங்கள். எல்லா டெய்லியையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இரண்டு வாரம் செய்யாவிட்டால் என்ன குறையும்" என்று எழுதுங்கள். "ஒன்றும் பெரிதாக இல்லை" என்று வருபவற்றை அடித்துவிடுங்கள், பாதி போய்விடும். வாரத்தில் இரண்டு நாள் லாக்-இன்னே வேண்டாம். வார்கிராஃப்டில் கேரக்டரைச் சத்திரத்தில் விட்டுவிட்டு வந்தால் ஓய்வு அனுபவம் சேரும், திரும்பி வந்ததும் அது தீரும்வரை அரக்கர்களைக் கொல்லும் புள்ளி இரட்டிப்பு. ஃபைனல் ஃபேண்டஸி 14ன் தயாரிப்பாளர் நவோகி யோஷிதாவோ, புது பேட்ச் (கேம் புதுப்பிப்பு) ஆடி முடிந்ததும் வேறு கேம் ஆடப் போங்கள், அடுத்த பேட்சுக்கு வாருங்கள் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்.

ரீசெட் நேரத்தை (டெய்லியும் வார வேலையும் புதிதாகத் தொடங்கும் நேரத்தை) நம் கடிகாரத்துக்கு மாற்றி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஃபைனல் ஃபேண்டஸி 14ன் தின ரீசெட் இரவு 8:30, வார ரீசெட் செவ்வாய் மதியம் 1:30. கில்ட் வார்ஸ் 2க்குக் காலை 5:30. கென்ஷின் ஆசியா சர்வருக்கு இரவு 1:30, அதற்காக விழித்திருப்பது வெட்டி வேலை.

நேரம், தூரம், வெயில்

ஐரோப்பிய கில்டில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். அவர்களின் இரவு 8 மணி ரெய்டு, குளிர்காலத்தில் நமக்கு 12:30, கோடையில் 11:30. முடிய மூன்று ஆகும். காலை எட்டு மணிக்கு வகுப்போ, ஆஸ்பத்திரி ஷிஃப்டோ இருப்பவர் ஆறு வாரம் தாங்கினால் பெரிது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், ஃபிராங்க்ஃபர்ட் 7,500க்கு மேல். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர்தான் ஓடும். நேர்கோட்டில் கேபிள் போட்டிருந்தாலும் போய்வர சிங்கப்பூருக்கு 29 மில்லி விநாடி, ஃபிராங்க்ஃபர்டுக்கு 75. கேபிள் வளைந்து போவதால் நிஜத்தில் இன்னும் கூடும். எந்த ரவுட்டர் வாங்கினாலும் இது குறையாது. ஆசியா சர்வர் இருக்கும் கேமைத் தேர்ந்தெடுங்கள். ஆல்பியன் ஆன்லைன் 2023ல் சிங்கப்பூரில் தனி சர்வர் திறந்தது.

ஏப்ரல், மே மாதம் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது லேப்டாப் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சண்டை நடுவில் திரை திக்கினால், "கேம் முன்ன மாதிரி இல்ல" என்று தோன்றும். ஃபிரேம் அளவை விநாடிக்கு 60க்கு, தேவைப்பட்டால் 45க்குக் கட்டுங்கள். நிழல் தரத்தை முதலில் குறையுங்கள், அதுதான் அதிகம் இழுக்கும். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு விரல் அளவு உயர்த்தி, விசிறித் துளையைத் தூசி தட்டுங்கள். கரண்ட் போகும் நேரத்துக்கு மோடத்துக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கலாம். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 12 வோல்ட்டாக இருக்கும்.

கில்டு

மற்ற எல்லாம் சரியாக இருந்தும் ஆட்கள் போகிறார்கள் என்றால் காரணம் கில்டுதான். இதைத்தான் நாங்கள் முதன்மையான காரணமாகவும் நினைக்கிறோம். வார்கிராஃப்டின் ஆரம்ப ரெய்டுகளுக்கு 40 பேர் தேவைப்பட்டார்கள், ஆள் பிடிக்க அலைய வேண்டியிருந்தது, அலைந்ததில் பழக்கம் வந்தது. 2009 டிசம்பரில் டஞ்சன் ஃபைண்டர் வந்தது. பொத்தானை அழுத்தினால் எங்கிருந்தோ நான்கு பேர் வருவார்கள், இருபது நிமிடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் பிரிவார்கள். வசதிதான். ஆனால் யாருக்காகவும் நாளைக்கு வர வேண்டியதில்லை.

8 பேர் ரெய்டுக்கு 8 பேரை வைத்துக்கொண்டு கில்டு நடத்தாதீர்கள். 11 அல்லது 12 பேர் வேண்டும்: டேங்க் (அடி தாங்குபவர்) மூன்று, ஹீலர் (உயிர் ஏற்றுபவர்) மூன்று, மீதி அடிப்பவர்கள். இரண்டு ஹீலர் மட்டும் இருந்தால் அவர்களுக்கு லீவே கிடையாது, முதலில் கழன்றுகொள்வது அவர்கள்தான். பதினைந்துக்கு மேல் போனால் நான்கைந்து பேர் எப்போதும் வெளியே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களும் போய்விடுவார்கள்.

வாரம் இரண்டு நாள், இரவு 9:30 முதல் 11:30. பாஸ் இன்னும் 5 சதவீதம் உயிரோடு இருந்தாலும் 11:30க்கு நிறுத்துங்கள். "இன்னொரு ட்ரை" தான் கில்டுகளின் எமன். லூட் (விழும் பொருள்) யாருக்கு என்ற விதியை முதல் ரெய்டுக்கு முன்னால் எழுதி டிஸ்கார்டில் பின் செய்யுங்கள். பொருள் விழுந்த பிறகு விதி போட்டால் அது பஞ்சாயத்து.

நாட்காட்டியும் உள்ளூர்க்காரர்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். வைகாசி 1 கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தத்துக்காரர்கள் வரமாட்டார்கள், ஆடிக் கிருத்திகைக்கும் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். செமஸ்டர் தேர்வு மாதங்களில் காட்பாடி மாணவர்களை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், லீவுக்கு அவர்கள் சொந்த ஊர் போய்விடுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். அந்த வாரங்களை முன்கூட்டியே "ரெய்டு இல்லை" என்று அறிவித்துவிட்டால் யாருக்கும் குற்ற உணர்வு இருக்காது.

ஒருவர் லாக்-இன் செய்வதை நிறுத்துவதற்கு முன் பேசுவதை நிறுத்துவார். வாய்ஸ் சேனலில் மைக்கை மூடியே வைத்திருப்பவரைக் கவனியுங்கள். இரண்டு வாரம் ஆள் வரவில்லை என்றால், ரெய்டுக்கு ஆள் குறையுது என்று அனுப்பாதீர்கள். "அண்ணா, ரெண்டு வாரமா காணோமே. ரெய்டுக்குக் கூப்பிடல, சும்மாதான் கேட்டேன். வேலை அதிகமா?" இது போதும். ஊர்க்காரர்கள் என்ற வசதியை விடாதீர்கள்: இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோட்டைப் பூங்காவிலோ, காட்பாடியில் டீக்கடையிலோ நேரில் பார்த்தவர்கள் லேசில் கில்டை விட்டுப் போவதில்லை.

எல்லோருக்கும் ஒரே தீனி போடவும் கூடாது. ரிச்சர்ட் பார்ட்டில், 1978ல் தொடங்கிய எழுத்து வடிவ கேமான மட்-ஐ உருவாக்கிய இருவரில் ஒருவர். ஆடுபவர்களை 1996ல் நான்காகப் பிரித்தார்: சாதிப்பவர், சுற்றிப் பார்ப்பவர், பழகுபவர், அடுத்தவரை வீழ்த்துபவர். சுற்றிப் பார்ப்பவருக்கு வரைபடம் தீர்ந்ததும் சலிக்கும், விக்கி படித்துக்கொண்டே ஆடினால் இன்னும் சீக்கிரம். அவருக்கு வேறு இனத்தில், வேறு தொடக்க ஊரில் ஒரு ஆல்ட் (இன்னொரு கேரக்டர்) போடச் சொல்லுங்கள், விக்கியை மூடச் சொல்லுங்கள். பழகுபவர், நண்பர் போன மறுவாரம் போவார். அவருக்குப் புதியவர்களைச் சேர்க்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

விடுவது என்று முடிவானால்

எல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் மாற்றம் இல்லையென்றால் விட்டுவிடலாம், தப்பில்லை. கேம் மட்டுமில்லாமல் சாப்பாடு, நண்பர்கள், படிப்பு எதிலுமே பிடிப்பு இல்லை என்றால் மட்டும் அது கேம் விஷயம் இல்லை. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, போய்ப் பேசுங்கள்.

மற்றபடி, முறையாக விடுங்கள். சந்தாவின் தானியங்கிப் புதுப்பித்தலை முதலில் நிறுத்துங்கள். தலைவராக இருந்தால் பொறுப்பையும் கில்டு வங்கியையும் இன்னொருவருக்கு மாற்றுங்கள், தலைவர் சொல்லாமல் போனால் பெட்டகம் பூட்டியபடியே கிடக்கும். ஃபைனல் ஃபேண்டஸி 14ல் வீடு வாங்கியிருந்தால், 45 நாள் உள்ளே போகாவிட்டால் இடித்துவிடுவார்கள் என்பது நினைவிருக்கட்டும். கீ அமைப்பையும் ஸ்கில் பட்டைகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து வருபவர் எந்தப் பொத்தான் எதற்கு என்று தெரியாமல் அரை மணியில் மறுபடி மூடிவிடுகிறார். அக்கவுண்டை விற்காதீர்கள், விதிமீறல் என்று முடக்குவார்கள். இரட்டைப் பாதுகாப்புக்கான பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள், திரும்பி வருவதற்குள் போன் மாறியிருக்கும்.