பின்சீட்டில் உட்கார்ந்து எல்லை தாண்டுவது எப்படி

சேலம் ஐந்து ரோடு பக்கம் முப்பது வருஷமாக டூரிஸ்ட் கார் ஓட்டுகிறேன். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவும், அத்திப்பள்ளியில் கர்நாடகா வரி கட்ட நின்ற வரிசைகளும் கண்ணை மூடினாலும் தெரியும். இன்னொருத்தர் ஓட்ட, நான் பின்சீட்டில் சும்மா உட்கார்ந்து ஒரு எல்லையைத் தாண்டியது போன மார்ச்சில்தான். சிங்கப்பூரிலிருந்து மலேசியா, வாடகைக் காரில், குடும்பத்தோடு.

காரணம் அம்மா. வாழப்பாடி தாண்டி புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் முத்துமலை முருகனுக்குக் கும்பாபிஷேகம் ஆனதிலிருந்தே, மலேசியாவின் பத்துமலைக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்மூர் முருகன் 146 அடி, பத்துமலை முருகன் 140 அடி. "வளந்தவன் இங்க இருக்கான், மூத்தவனைப் போய்ப் பாக்க வேண்டாமா?" என்பது அவர் கணக்கு. மகள் சிங்கப்பூரில் செம்பவாங்கில் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போன சாக்கில் இதையும் முடித்துவிடலாம் என்று கிளம்பினோம்.

பஸ் மலிவுதான். ஆனால் சிங்கப்பூர்ப் பக்கம் ஒருமுறை, மலேசியப் பக்கம் ஒருமுறை இறங்கி, படியோ எஸ்கலேட்டரோ ஏறி, வரிசையில் நின்று, மறுபடி பஸ்ஸைத் தேடிப் பிடிக்க வேண்டும். மலேசியப் பக்கம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, ஒரு முட்டியில் ஆபரேஷன் ஆனது. காரில் போனால் இருந்த இடத்திலிருந்தே பாஸ்போர்ட்டை நீட்டலாம். காருக்குக் கொடுக்கிற கூடுதல் காசு முழுக்க இந்த ஒரு வசதிக்குத்தான். வேகமாகப் போகலாம் என்று நினைத்துக் கார் எடுக்காதீர்கள்.

முதலில் வண்டி. எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். மாப்பிள்ளைக்கு யாரோ ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டால் மற்ற இடங்களைவிடப் பாதி வாடகை. எப்படி என்று கேட்டேன். "சொந்த வண்டிதாங்க, எல்லையில கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிருங்க" என்றார் அந்த ஆள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம்மூரில் ஓன் போர்டு வண்டியில் ஆள் ஏற்றுகிறவர்கள் செக்போஸ்ட்டுக்கு நூறு மீட்டர் முன்னால் பயணிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதே வசனம்தான். மஞ்சள் போர்டு போட்டு, வரியும் பெர்மிட்டும் கட்டி ஓட்டுகிற நாங்கள் இவர்களால்தான் வயிறெரிகிறோம்.

சிங்கப்பூரில் அந்த வசனம் எடுபடாது. உரிமம் இல்லாமல் வாடகைக்கு ஆள் ஏற்றினால் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியையும் பறிமுதல் செய்யலாம். 2025-லிருந்து எல்லைகளிலும் விமான நிலையத்திலும் இதற்கென்றே பிடிக்கிறார்கள். தண்டனை ஓட்டுநருக்குத்தான். ஆனால் வண்டியைப் பிடித்துவைத்தால் பெட்டியோடு நடுவழியில் நிற்பது நீங்கள். அதனால் பேசும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: இரண்டு நாட்டிலும் ஆள் ஏற்ற உரிமம் இருக்கிறதா, பயணிகளுக்கும் சேர்த்து இன்சூரன்ஸ் இருக்கிறதா, எல்லையில் வண்டி மாற வேண்டியிருக்குமா? கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். சில இடங்களில், எல்லை தாண்டியதும் வரும் மலேசிய ஊரான ஜொகூர் பாருவில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றுவார்கள். முட்டி வலிக்காரர்களுக்கு அது சரிப்படாது.

வாடகை பேசும்போது டோல், பார்க்கிங், காத்திருப்பு, இரவு தங்கினால் ஓட்டுநரின் அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்தா என்று கேட்டு, அதை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். நாம் பேட்டா என்று சொல்வதற்கு அங்கே வேறு பெயர் இருக்கலாம், ஆனால் அந்தச் செலவு எந்த ஊரிலும் உண்டு. காத்திருப்புக்கு மணிக்கணக்கில் தனிக்காசு கேட்கிறவர்களிடம் போகாதீர்கள். எல்லையில் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை.

நாங்கள் எடுத்தது டொயோட்டாவின் அல்பார்ட் வண்டி. இன்னோவாவுக்கு நான் எதிரி இல்லை, அதில்தான் சோறு தின்கிறேன். ஆனால் அம்மாவை இன்னோவாவில் ஏற்ற எப்போதும் ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டும். அல்பார்ட்டில் பக்கக் கதவு தானாக நகர்ந்து திறக்கும், தரையும் தாழ்வு. இன்னொன்று, 1.35 மீட்டருக்குக் குறைந்த குழந்தை இருந்தால் குழந்தை சீட் கட்டாயம். பேரனுக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தோம். பெரியவர்களும் பின்சீட்டில் பெல்ட் போட வேண்டும். நம்மூரில் பின்சீட்டு ஆளிடம் பெல்ட் போடச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அங்கே ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்தினார்.

காகித வேலை பெரிதில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம், 2026 டிசம்பர் 31 வரை இந்தச் சலுகை. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அதில் ஒருமுறை நுழையவா, பலமுறை நுழையவா என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒருமுறை விசாவோடு மலேசியா போய்விட்டால் திரும்பி உள்ளே வர முடியாது.

அடுத்தது ஆன்லைன் அட்டைகள். மலேசியாவுக்குள் போக எம்டிஏசி (மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை), சிங்கப்பூருக்குள் வர எஸ்ஜி அரைவல் கார்டு. இரண்டும் இலவசம். போய்ச் சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசாங்கத்துடையது இல்லை. பெயரைப் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். நம்மில் பாதிப் பேருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அதற்காக அப்பா பெயரைக் கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். எம்டிஏசியில் கடைசியாகக் கிளம்பிய இடம் சிங்கப்பூர், வரும் வழி தரைவழி. என் மனைவி இந்தியா என்று போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து நிரப்பினாள்.

சிங்கப்பூர் அட்டையில்தான் நாங்கள் மாட்டினோம். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது ஏற்கனவே நிரப்பியாயிற்று. மலேசியா போய்த் திரும்பி வரும்போது சுற்றுலா வந்தவர்கள் புதிதாக இன்னொன்று நிரப்ப வேண்டும். அங்கே குடியிருக்கும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் தரைவழியாக வரும்போது அது தேவையில்லை. தேவையில்லாதவர்களுக்கு ஞாபகம் எப்படி வரும்? திரும்பும் வழியில், சோதனைச் சாவடிக்குக் கொஞ்ச தூரம் முன்னால், ஓட்டுநர்தான் கேட்டார்: "பாட்டிக்குக் கார்டு போட்டாச்சாண்ணே?" மகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூன்று பேருக்கும் அவசர அவசரமாகப் போனில் தட்டினாள். உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விடாதீர்கள்.

இனி, எப்போது கிளம்புவது. இரண்டு வழி உண்டு. உட்லண்ட்ஸ் பக்கம் 1924-லிருந்து சாலை ஓடுகிற பழைய பாலம், ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். துவாஸ் பக்கம் 1998-இல் திறந்த இரண்டாவது பாலம், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். மலாக்கா, கோலாலம்பூர் போகிறவர்களுக்குத் துவாஸ் நல்லது, பெரும்பாலும் கூட்டமும் குறைவு. செம்பவாங்கிலிருந்து உட்லண்ட்ஸ் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதுவும் சிங்கப்பூரின் மார்ச் பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. "விடியக்காலை அஞ்சு மணிக்குக் கிளம்பலாம், இல்லாட்டி துவாஸ் போலாம்" என்று ஓட்டுநர் இரண்டு முறை சொன்னார். அவரும் என் தொழில்தானே, பயணிக்குச் சொல்லிப் பார்ப்பார், அப்புறம் சரி என்பார். எட்டரைக்குக் கிளம்பினோம். மலேசிய முத்திரை விழும்போது மணி பன்னிரண்டேகால்.

வெள்ளி மாலை வெளியே போகவோ, ஞாயிறு மாலை உள்ளே வரவோ திட்டமிடாதீர்கள். தைப்பூசத்தை ஒட்டிப் பத்துமலைக்குப் போவதும் வேண்டாம், அம்மா மாதிரி ஆட்கள் 272 படியின் அடிவாரத்தையே நெருங்க முடியாது. திரும்பும்போது செவ்வாய்க்கிழமை மத்தியானம் துவாஸ் வழியாக வந்தோம். நாற்பது நிமிஷம்.

பாலத்தின் மேல் மாட்டிக்கொண்டால் இறங்க முடியாது, கழிப்பறை கிடையாது. வீட்டிலேயே போய்விட்டு வாருங்கள். அம்மா இதற்குப் பயந்து காலையிலிருந்து காபியே குடிக்காமல் தலைவலியோடு வந்தார். பேரனுக்குப் பாட்டில்தான். எல்லை தாண்டியதும் நெடுஞ்சாலையில் மச்சாப், பாகோ என்று ஓய்விடங்கள் உண்டு, சுத்தமாக இருக்கின்றன. தோசை பார்சல், தண்ணீர், பவர் பேங்க் மூன்றும் கையோடு இருக்கட்டும்.

பாலத்தை ஒட்டி ஓடும் தடித்த குழாய்களைப் பார்த்து அம்மா, "இது எந்தூர்த் தண்ணி?" என்றார். ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிற தண்ணீர், 1962 ஒப்பந்தம், 2061 வரைக்கும் உண்டு என்றார் ஓட்டுநர். "எழுதி வெச்சா ஒழுங்கா வுடறாங்களா?" என்று அம்மா கேட்டார். மேட்டூர் தண்ணீரைப் பார்த்தே வளர்ந்தவர் வேறென்ன கேட்பார்.

கவுண்டரில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பாஸ்போர்ட் உறைகளையெல்லாம் கழற்றி, உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி அடுக்கி ஓட்டுநரிடம் கொடுங்கள். கண்ணாடிகளை இறக்கி, கூலிங் கிளாஸும் தொப்பியும் எடுத்துவிட்டு, இரவானால் உள்விளக்கைப் போடச் சொல்லுங்கள். அதிகாரி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். சிங்கப்பூர்ப் பக்கம் 2024 மார்ச்சிலிருந்து காரில் போகிறவர்கள் பாஸ்போர்ட்டுக்குப் பதில் க்யூஆர் கோடு காட்டலாம், குடும்பத்துக்கு ஒன்றே போதும். முதல் தடவை உள்ளே வருகிறவர்களுக்கு மட்டும் பாஸ்போர்ட்தான். மலேசியக் கவுண்டரில் பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் வண்டியை நகர்த்தும் முன் எல்லாவற்றிலும் முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு பாஸ்போர்ட்டை ஒரே கையில் வாங்கித் தட்டும்போது ஒன்று விட்டுப்போவது நடக்கிற விஷயம். அந்தச் சிக்கல் திரும்பும்போதுதான் தெரியவரும்.

பைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காரில் ஒரு குடும்பம் மட்டும் போங்கள். முன்பின் தெரியாத ஆளோடு வாடகையைப் பங்கு போட்டால், அவர் பையில் இருப்பதற்கும் சேர்த்து நீங்களும் நிற்க வேண்டிவரும். யாராவது "இதை மட்டும் சிங்கப்பூர்ல குடுத்துருங்க" என்று நீட்டினால், ஊறுகாய் பாட்டிலாக இருந்தாலும் வாங்காதீர்கள். 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் அங்கே தூக்கு. சிகரெட்டுக்கு ஒரு பாக்கெட் கூட வரிவிலக்கு இல்லை. மலேசியாவிலிருந்து வரும்போது மதுவுக்கும் இல்லை. மெல்லும் புகையிலை, குட்கா, வேப் எல்லாம் தடை. 1992-லிருந்து சூயிங்கமும் கொண்டுவரக் கூடாது. தூக்க மாத்திரை, கொடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிடுகிறவர்கள் முன்பே அனுமதி வேண்டுமா என்று பார்த்து, டாக்டர் சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மளிகைக் கடை ஒன்றில், குருமாவுக்குக் கசகசா இருக்கிறதா என்று கேட்கப் போனாள். ஓட்டுநர் பின்னாலேயே ஓடிவந்து தடுத்தார். கசகசா சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்ட பொருள். நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதெல்லாம் எல்லா ஊரிலும் மளிகைச் சாமான் இல்லை.

சிங்கப்பூர் வண்டியாக இருந்தால், கிளம்பும்போது டேங்கில் முக்கால்வாசிப் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். குறைந்தால் திருப்பி அனுப்பலாம், அபராதமும் உண்டு. மலேசியா உள்ளே வர அனுமதி, டோல் அட்டை எல்லாம் ஓட்டுநர் பாடு. ஆனாலும் கிளம்பும் முன் பெட்ரோல் முள்ளை நான் எட்டிப் பார்த்துக்கொண்டேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நீங்களும் டிரைவராண்ணே?" என்றார்.

சிங்கப்பூருக்குள் திரும்பியதும் முத்திரை எதுவும் விழாது. எத்தனை நாள் இருக்கலாம் என்பது அட்டையில் கொடுத்த மின்னஞ்சலுக்கு வரும். புதிதாக நுழைந்ததற்குப் புதுத் தேதி, பழைய தேதியை நம்பி விமான டிக்கெட்டை வைத்திருக்காதீர்கள். மூன்று பேருக்கும் மகள் தன் மின்னஞ்சலைத்தான் கொடுத்திருந்தாள். அன்று ராத்திரியே மூன்றையும் திறந்து, தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டுத்தான் படுத்தோம்.