லினக்ஸில் சுடோ குழு காணாமல் போனதும் மீட்டதும்

டாக்கர் மென்பொருளுக்கான குழுவில் பயனரைச் சேர்க்க, பயனர் கணக்கை மாற்றும் யூசர்மாட் கட்டளையில் பெரிய 'ஜி' மட்டும் கொடுத்தேன். சிறிய 'ஏ' விடுபட்டது. 'ஜி' தனியாக வந்தால் பட்டியலில் இல்லாத துணைக்குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் பயனர் நீக்கப்படுவார், நிர்வாகி உரிமை தரும் சுடோ குழுவும் போயிற்று.

திறந்திருக்கும் டெர்மினலை மூடாதீர்கள், அதில் பழைய குழுக்கள் இன்னும் இருக்கும். எல்லாம் மூடிவிட்டதா? கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ரெகவரி மோடு, அங்கே முழு அதிகாரமுள்ள ரூட் ஷெல். ரூட் பகுதி (லினக்ஸ் இருக்கும் வட்டுப் பகுதி) படிக்க மட்டும் என மவுன்ட் ஆகியிருந்தால், எழுதும்படி ரீமவுன்ட் செய்ய வேண்டும்.

பழைய குழுக்கள் நினைவில்லையென்றால் இடிசி கோப்புறையைப் பாருங்கள். குரூப் கோப்பின் முந்தைய நகல், பெயரின் கடைசியில் ஒரு சிறுகோட்டுடன் அங்கேயே இருக்கும். அடுத்த மாற்றத்திலேயே அது மேலெழுதப்படும் என்பதால் முதலில் வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு, டிஃப் போட்டு ஒப்பிடுங்கள்.

திரும்பச் சேர்க்க ஜிபாஸ்வேர்டு (gpasswd) கட்டளைதான் என் தேர்வு: சிறிய 'ஏ', பயனர் பெயர், குழுப் பெயர். ஒரு நேரத்தில் ஒரு குழுவைத்தான் தொடும், மற்றவை தப்பிக்கும். ஃபெடோரா லினக்ஸில் சுடோவுக்குப் பதில் வீல் குழு.

ஐடி கட்டளையைப் பெயரோடு கொடுத்தால் கோப்பில் உள்ளதைக் காட்டும். பெயரில்லாமல் கொடுத்தால் இப்போதைய அமர்வில் உள்ளதை. இரண்டும் வேறுபட்டால், வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.