கண்ணை மூடாத தியானம்: வன்னியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"கண்ணை மூடுங்கள், மனதை வெறுமையாக்குங்கள்" என்றுதான் பெரும்பாலான தியான வகுப்புகள் தொடங்கும். போர் நடந்த இலங்கையின் வன்னியில் பலருக்கு அந்தத் தொடக்கமே ஒத்துவராது. அசையாமல், கண்ணை மூடி, காதை மட்டும் கூர்மையாக வைத்திருப்பது போர்க்காலத்தில் பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இருந்த இருப்பு. மனம் மறந்தாலும் உடம்பு அதை மறக்காது. அதே நிலையில் திரும்ப இருத்தினால் நெஞ்சு அடிக்கத் தொடங்கும். ஆள் "எனக்கு இது சரிவராது" என்று எழும்பிவிடுவார்.

அதனால் இந்த முறை பாதத்திலிருந்து தொடங்குகிறது. மூச்சு பிறகு. செபம் அதற்கும் பிறகு. முதல் மாதம் முழுக்கக் கண் திறந்தே இருக்கட்டும்.

இடமும் நேரமும்

விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போதும். முதுகுக்குப் பின்னால் சுவர், கண்ணுக்கு முன்னால் வாசல் அல்லது முற்றம். பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் தோள் இறங்கும். பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் படவேண்டும். எட்டாவிட்டால் காலுக்கு ஒரு பலகை வையுங்கள். சம்மணம் கட்டாயமில்லை.

விடிய முகம் கழுவியபின், தேத்தண்ணிக்கு முன் ஒருமுறை. பின்னேரம் இருட்டுமுன் இன்னொருமுறை. தகரக் கூரை வீட்டில் மத்தியான வெக்கையில் இருந்தால் தலையிடிதான் மிச்சம். கெட்ட கனவு வருபவர்கள் படுக்கையில், இருட்டில் செய்யவேண்டாம். நுளம்புக்குச் சுருள் கொளுத்துவதானால் அதைத் தள்ளி வையுங்கள், புகைக்குள் மூச்சுப் பழக முடியாது.

அமைதியான மரநிழல் தேடிக் காட்டுக்கரைக்குப் போகும் ஆசை சிலருக்கு வரும். விடியப்புறத்தில் யானை இன்னும் வயற்பக்கம் நிற்கலாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் காணிக்குள் எந்த நேரத்திலும் கால் வைக்கவேண்டாம். விறாந்தையே நல்லது.

1. பாதம் (ஒரு நிமிடம்)

செருப்பைக் கழற்றுங்கள். இரண்டு பாதத்தையும் 5 எண்ணும்வரை நிலத்தில் அழுத்தி, பிறகு மெதுவாக விடுங்கள். இப்படி 5 தரம். சீமெந்தின் குளிர்ச்சி, மணலின் கரகரப்பு, எது தெரிகிறதோ அதைக் கவனியுங்கள். காலை இழந்தவர்கள், காலில் வலி உள்ளவர்கள் இதைக் கையால் செய்யலாம்: இரண்டு உள்ளங்கையையும் தொடையில் அழுத்தி விடுங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் தலை முதல் கால்வரை ஒவ்வொரு உறுப்பாகக் கவனிக்கும் பயிற்சியைத் தவிர்ப்பது நல்லது. கவனம் அந்தத் துண்டில் போய் நின்றுவிடும்.

2. பார்ப்பதும் கேட்பதும் (ஒரு நிமிடம்)

கண்ணில் படும் மூன்று பொருளின் பெயரை வாய்க்குள் சொல்லுங்கள்: வேம்பு, வாளி, கிடுகுவேலி. பிறகு மூன்று சத்தம்: செண்பகம், லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம், பக்கத்து வீட்டு ரேடியோ. நல்லது கெட்டது பிரிக்காமல் பெயரை மட்டும் சொல்லுங்கள். வெடிச்சத்தமோ ஹெலிகொப்டரோ கேட்டு உடம்பு திடுக்கிட்டால் அதற்கும் பெயர் சொல்லலாம்: "கோயில் வெடி". எங்கிருந்து வருகிற சத்தம் என்று அறிவு பிடித்துக்கொண்டால் நெஞ்சின் படபடப்பு மெல்ல இறங்கும்.

3. மூச்சு

மூக்கால் 3 எண்ணும்வரை உள்ளே, 5 எண்ணும்வரை வெளியே. ஒரு எண்ணுக்கு ஏறக்குறைய ஒரு விநாடி. 10 மூச்சு, அவ்வளவுதான். இரண்டு கிழமை கழித்து 4 உள்ளே, 6 வெளியே என்று மாற்றலாம். அது நிமிடத்துக்கு 6 மூச்சு. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தாழும். வெளிமூச்சை நீட்டச் சொல்வது அதற்காகத்தான்.

அதிகம் பிழைக்கிற இடம் இதுதான். "நல்லாய் இழு" என்று நெஞ்சு நிறைய இழுத்து இழுத்து விடுவார்கள். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றும், விரல் நுனியும் உதடும் விறுவிறுக்கும். தேவைக்கு மிஞ்சிச் சுவாசிப்பதால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்துபோவதே காரணம். அப்படி வந்தால் எண்ணுவதை நிறுத்தி, வழமைபோலச் சுவாசியுங்கள், சில நிமிடத்தில் அடங்கும். அடுத்த முறை மூச்சைச் சிறிதாக்குங்கள், பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தம் கேட்கக்கூடாது.

திருமூலர் சொன்ன 16 இழுத்து, 64 அடக்கி, 32 விடும் கணக்கை யாரும் பார்க்காமல் வீட்டில் முயலவேண்டாம். அது குருவின் பக்கத்தில் இருந்து, காலம் எடுத்துப் பழகுவது. பிரஷர், இதய வருத்தம், தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கவே வேண்டாம்.

4. சொல்லும் மணியும்

மூன்றாம் கிழமையில் ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவசிவ, யேசுவே, அல்லாஹ், உங்களுக்கு எது சொந்தமோ அது. நம்பிக்கை அறுந்துபோனவர்கள் "சும்மா" என்று சொன்னாலும் போதும். இளமையில் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமி பிறகு ஊருக்கெல்லாம் சொன்னதும் "சும்மா இரு" என்பதைத்தான்.

சொல்லை வெளிமூச்சில் மட்டும் சொல்லுங்கள், மூச்சுக்கு ஒரு மணி. 27 மணி மாலை என்றால், 10 விநாடி மூச்சில் நாலரை நிமிடம். செபமாலையில் ஒரு பத்து மணி போதும். மாலை இல்லையா? பெருவிரலால் மற்ற நாலு விரலின் கணுக்களைத் தொட்டு எண்ணுங்கள், ஒரு கைக்கு 12. எண்ணிக்கை தவறினால் முதலில் இருந்து தொடங்கவேண்டாம். விரல் நிற்கும் இடத்திலேயே தொடருங்கள்.

பழையது மேலே வந்தால்

வரும். அதற்கு ஆயத்தமாகக் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வையுங்கள். காட்சி வந்து உடம்பு விறைத்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். எழும்புங்கள். தண்ணீரை மணிக்கட்டில் ஊற்றுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இது 2009 இல்லை. இண்டைக்குச் செவ்வாய்க்கிழமை. நான் என்ரை வீட்டு விறாந்தையிலை நிக்கிறன்." அன்றைக்கு அதோடு போதும். முற்றத்தைக் கூட்டுங்கள், கத்தரிக்குத் தண்ணீர் விடுங்கள்.

மே மாதத்தில், முள்ளிவாய்க்கால் நினைவு வரும் கிழமையில், தனியே இருந்து பழகுவதைக் குறைத்துவிடுங்கள். விளக்கு ஏற்றுவதும், கஞ்சி காய்ச்சுவதும், நாலு பேரோடு நடப்பதும் அந்தக் கிழமைக்குப் பொருத்தம்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளுக்கு ஒரு சொல். கிளிநொச்சியில் அம்மாமார் 2017 பெப்ரவரி 20 அன்று வீதியோரம் இருந்து "எங்கள் பிள்ளைகள் எங்கே" என்று கேட்கத் தொடங்கிய கேள்விக்கு மூச்சுப் பயிற்சி பதிலாகாது. "மனதுக்குள் விடைகொடுங்கள்" என்று சொல்லித்தரும் பயிற்சி எதையும் நீங்கள் செய்யவேண்டியதில்லை. இரவில் ஒருமணி நேரம் கூடுதலாக நித்திரை வருமென்றால், அதற்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

இருக்கவே முடியாதவர்களுக்கு

நடவுங்கள். வெயில் ஏறுமுன் குளக்கட்டில் அல்லது வளவுக்குள் 20 அடி போய், நின்று, திரும்பி 20 அடி. குதி படுகிறது, விரல் எழும்புகிறது, இவ்வளவுதான் கவனம். பத்து நிமிடம் போதும். பலருக்கு, முக்கியமாக இளம் ஆட்களுக்கு, கதிரையைவிட இது சுலபமாகப் பிடிபடும்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லாவிட்டால், குடி கூடிக்கொண்டு போனால், சாகும் எண்ணம் வந்தால் பயிற்சியை மட்டும் நம்பி இருக்கவேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது தேசிய மனநல உதவி இலக்கமான 1926 இற்கு எடுங்கள். ஏற்கெனவே குளிசை பாவிப்பவர்கள், தியானம் பிடிபட்டுவிட்டது என்று தாங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

செய்த நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். அறுவடைக் காலத்தில் கட்டங்கள் வெறுமையாகவே கிடக்கும், கிடக்கட்டும். விட்ட நாளுக்குச் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாமல், மறுநாள் பாதத்திலிருந்து திரும்பவும் தொடங்குங்கள்.