தசை ஆக்சிஜன் கருவி: பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடையில் கட்டிக்கொள்ளும் தசை ஆக்சிஜன் கருவி, சிவப்பு ஒளியையும் அதற்கு அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் தோலின் வழியே செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு, அவ்விடத்து ஹீமோகுளோபினிலும், தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் புரதமான மயோகுளோபினிலும் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்று மதிப்பிடுகிறது. இதை விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரின் எண்ணோடு ஒப்பிட்டுப் பதறுவோர் உண்டு. ஆக்சிமீட்டர் தமனி இரத்தத்தைப் பார்க்கிறது; இக்கருவியோ தசைக்கு வரும் ஆக்சிஜனையும் தசை செலவழிப்பதையும் கழித்துப் பார்த்த இருப்பைக் காட்டுகிறது. ஆகவே கடும் ஓட்டத்தில் அது 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் அச்சமில்லை.

பெரும்பாலான பிழைகள் கருவியைக் கட்டும்போதே நேர்கின்றன. ஒளி ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் பயன்படும் அளவில் செல்வதில்லை என்பதால், தோலுக்கடியில் கொழுப்பு தடித்திருந்தால் கருவி தசையை விடக் கொழுப்பையே அதிகம் பார்க்கும். எவ்வளவு வேகமாக ஓடினாலும் எண் அசையாது. பட்டையை இறுக்கினால் இரத்தம் தேங்கும். தளர்த்தினால் வியர்வையில் வழுக்கும், வெயிலும் உள்ளே புகும். முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து அளந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கட்டி, கறுப்புத் துணியால் மூடுவது நல்லது. இத்தனை செய்தாலும் உங்கள் 45-ம் நண்பரின் 60-ம் ஒப்பிடத்தக்கவை அல்ல. இருவரில் யார் தேர்ந்தவர் என்று அவற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரே ஆளின் எண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, எங்கே நிலைகொள்கிறது, ஓய்வில் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பவையே பார்க்கத்தக்கவை.

இடமும் பருவமும் மாறும்போது இந்த ஒப்பீடும் தடுமாறும். ஈரோட்டின் ஏப்ரல் மாத வெயிலில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு இரத்தம் பெருகுவதால், எண் உண்மையைவிட உயர்ந்து தெரியக்கூடும். மேட்டுப்பாளையத்திலிருந்து சைக்கிளில் ஏறி, 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் எடுத்த அளவை, காற்றழுத்தம் கூடுதலாக உள்ள கோவைச் சமவெளியின் அளவோடு சேர்த்து வைத்து, பயிற்சி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. கபடியில் எதிராளியைப் பிடித்து நிற்கும்போது, இறுகிய தசை தன் இரத்தக் குழாய்களையே நெரிப்பதால் எண் சட்டென விழும்; அதைச் சோர்வு என்று படிப்பதும் தவறு.

இறுதியாக, மீட்சி. வேக ஓட்டங்களுக்கு இடையே எண் பழைய நிலைக்கு ஏறும்வரை காத்திருப்பது பயன்தரும் முறைதான். ஆனால் சைக்கிள் பயிற்சியில் அந்நேரத்தில் வண்டியை விட்டு இறங்கி நின்றால், காலில் இரத்தம் இறங்கி அளவு மாறிவிடும். மறுநாள் காலையில் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கடும் பயிற்சிக்குக் கிளம்புவதை நான் ஏற்கமாட்டேன். தசை நாரின் சிறு கிழிசலையோ, தீர்ந்துபோன கிளைக்கோஜனையோ (தசை சேமித்து வைக்கும் சர்க்கரை), கெட்ட தூக்கத்தையோ இந்த ஒளி காட்டாது.