127 வரை சரி, 128-இல் தவறு

பில்லிங் வேலைக்காக ஜாவாவில் ‘ரேஞ்ச்’ (ஒரு தொடக்கம் முதல் ஒரு முடிவு வரை) என்று ஒரு ஜெனரிக் கிளாஸ், அதாவது எண், விலை, தேதி எனப் பல வகைக்கும் பொருந்தும் கிளாஸ், எழுதியிருந்தேன். தொடக்கம் சேரும், முடிவு சேராது. இரண்டும் சமமென்றால் காலி. யூனிட் டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆனால் நிஜத் தரவில் 1000 முதல் 1000 வரை வந்த ரேஞ்சைக் காலி இல்லை என்றது.

ஒரு முழு மாலை தேடினேன். காலியா என்று பார்க்கும் வரியில் இரட்டைச் சமக்குறி போட்டிருந்தேன். ஜெனரிக்கில் அது மதிப்பை ஒப்பிடாது, இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் பார்க்கும். ஜாவா -128 முதல் 127 வரையான இன்டிஜர்களை ஆட்டோபாக்ஸ் செய்யும்போது, அதாவது வெறும் எண்ணைத் தானாக ஆப்ஜெக்டாக்கும்போது, ஒரே ஆப்ஜெக்டையே திரும்பத் தருகிறது. என் டெஸ்டுகளில் இருந்ததோ 1, 5, 10!

மதிப்பை ஒப்பிடும் ‘ஈக்வல்ஸ்’ போட்டு முடித்திருக்கலாம். ஆனால் தசம எண்களுக்கான பிக்டெசிமலில் 1.0-வும் 1.00-வும் ‘ஈக்வல்ஸ்’படி வேறு, பெரிதா சிறிதா சமமா என்று பார்க்கும் ‘கம்பேர்டூ’படி ஒன்று. விலையைக் கையாளும் கிளாஸுக்குக் ‘கம்பேர்டூ’தான் சரி, எல்லா ஒப்பீட்டையும் அதற்கே மாற்றினேன்.

அடுத்து தேதிக்கான லோக்கல்டேட் கொடுத்தால் கம்பைலே ஆகவில்லை. அதன் கம்பேரபிள் (‘கம்பேர்டூ’வைத் தரும் இன்டர்ஃபேஸ்), தாய் இன்டர்ஃபேஸான க்ரோனோலோக்கல்டேட்டுக்கு எழுதப்பட்டது. டைப் வரம்பை ‘கம்பேரபிள் ஆஃப் டி’ என்பதிலிருந்து ‘கம்பேரபிள் ஆஃப் கேள்விக்குறி சூப்பர் டி’ (டி-யோ அதன் தாய் வகையோ) என்று தளர்த்தியதும் ஏற்றுக்கொண்டது.

டெஸ்டுகளை டெஸ்ட் கருவியான ஜேயூனிட் 5-இன் பாராமீட்டரைஸ்டு முறைக்கு (ஒரே டெஸ்டைப் பல மதிப்புகளுக்கு ஓட்டுவது) மாற்றி, இன்டிஜர், பிக்டெசிமல், லோக்கல்டேட் மூன்றுக்கும் ஓட்டுகிறேன். இன்டிஜர் வரிசையில் 127-உம் 128-உம் அடுத்தடுத்து இருக்கின்றன.