திமில் காளைக் குடுவை: கையாலேயே செய்வது எப்படி?

வடக்கு ஈரானின் கிலான் மாகாணத்தில் மார்லிக் என்ற மேடு இருக்கிறது. 1961-62இல் எஸ்ஸத் நெகாபான் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தபோது, சுமார் 3,000 ஆண்டுப் பழமையான கல்லறைகளில் திமில் காளை வடிவ மண்குடுவைகள் கிடைத்தன. காளையின் முகமே ஊற்றும் மூக்கு. மயிர், தசை எதையும் காட்டாமல், பெரிய திமிலையும் குட்டைக் கால்களையும் வைத்தே காளையைக் கண்முன் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாமும் முதலில் குடுவையைச் செய்வோம், அப்புறம் காளையாக்குவோம்.

1. களிமண்ணில் கொஞ்சம் நைசான மணல் சேர்த்து, காற்றுக்குமிழி போகும்வரை பிசையுங்கள். மணல் சேர்ந்தால் காயும்போது விரிசல் குறையும்.

2. இரண்டு உருண்டைகளில் கட்டைவிரலை அழுத்திச் சுற்றிச் சுற்றிக் கிண்ணமாக்குங்கள். சுவர் அரை சென்டிமீட்டர் தடிமன் போதும். இரண்டின் விளிம்பையும் கீறி, நீர்த்த களிமண்ணைத் தடவி, வாயோடு வாய் வைத்து ஒட்டுங்கள். இதுதான் உடல்.

3. கால், கொம்பு, திமில் எதை ஒட்டினாலும் அதே கீறலும் குழம்பும் வேண்டும். திமிலைக் கெட்டியாக வைக்காதீர்கள். உடலில் ஒரு துளை போட்டு, அதன்மேல் குழிவான திமிலைப் பொருத்துங்கள். தடித்த இடம் மெதுவாகக் காயும், அங்கேதான் வெடிக்கும். முகத்துக்கு உடலின் முன்பக்கம் திறந்து, வாய்க்கால் போல நீண்ட மூக்கை ஒட்டுங்கள். அதன் நுனி மெலிந்திருந்தால் ஊற்றும்போது தண்ணீர் கீழே வழியாது.

4. விரலால் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது, நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். அந்தப் பதத்தில் வழவழப்பான கூழாங்கல்லால் தேயுங்கள். சிறு சிறு இடமாக, ஒரே திசையில், அவசரமில்லாமல். மண்துகள்கள் படிந்து, மங்கலான பரப்பில் மெல்ல ஒளி ஏறும். மார்லிக் காளைகளின் மினுமினுப்பு இப்படி வந்ததுதான். மேலே கண்ணாடிப் பூச்சு எதுவும் கிடையாது.

5. துணி போர்த்தி நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் சூளையில் அது ஆவியாகிக் குடுவையை உடைத்துவிடும்.

6. தொடக்கத்தில் சூட்டை மிக மெதுவாக ஏற்றுங்கள். இரும்புச்சத்துள்ள மண் காற்றோட்டத்தில் சுட்டால் சிவக்கும். காற்றை அடைத்துப் புகையவிட்டால் சாம்பல் அல்லது கறுப்பு நிறம் வரும். 800 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டால் மெருகு நிற்கும். அதற்கு மேலே போகப் போக மங்கிவிடும். மெருகேற்றினாலும் தண்ணீர் லேசாகக் கசியும், அதனால் ஊற்றிப் பார்த்தபின் கவிழ்த்து உலரவையுங்கள்.